பிளக்கும் ஃபில்டரும் நம்ம கையில

(கங்கைகொண்டானில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுவோம். இன்றைக்கு வாசலில் ஒரு மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறோம். பக்கத்தில் சாக்கு விரித்து ஒரு பிளக் ஸ்பேனர், குறடு, பழைய பல் பிரஷ், உப்புத்தாள், ஒரு புது பிளக், ஒரு பெட்ரோல் ஃபில்டர் வைத்திருக்கிறோம். "இது என்ன மீட்டிங்கா, ஒர்க் ஷாப்பா?" என்று உள்ளே வரும்போதே கேட்டீங்க. இன்னைக்கு ஒரு மணி நேரம் ஒர்க் ஷாப்தான்.

ஏன் என்று சொல்கிறோம். நம்ம குழுவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம், அவங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. சொல்லலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க. உள்கடன் வாங்கி பழைய மொபெட் ஒன்று எடுத்தாங்க. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சுற்றின பீடியை மூட்டை கட்டி, சாயங்காலத்துக்குள் கடையில் போட்டுவிட்டு, இலையும் தூளும் வாங்கி வருவது அவங்க வேலை. மழைக்காலத்தில் ஒரு நாள், நாலுவழிச் சாலையில் வண்டி நின்றுவிட்டது. மிதிமிதியென்று மிதித்தும் எடுக்கவில்லை. மூட்டையோடு தள்ளிக்கொண்டே வந்தாங்க. கடை சாத்திவிட்டது. இருட்டிவிட்டது. லாரிகள் உரசிப் போகிற ரோட்டில் ஒரு பொம்பளை தனியாக வண்டி தள்ளிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் ஒர்க் ஷாப்பில் விட்டதில் ஒரு நாள் போச்சு. அறுநூறு ரூபாய் செலவு. மாற்றினது என்ன? ஒரு பிளக். அந்த வாரம் தவணை கட்ட முடியவில்லை. குழுக் கூட்டத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாங்க. "கடன் வாங்கும்போது மட்டும் வாய் வருது" என்று ஒருத்தர் சொன்னாங்க. நாங்களும் ஏன், எதுக்கு என்று கேட்கவில்லை. பதிவேட்டில் 'தவணை தவறியது' என்று எழுதிவிட்டு வந்தோம். அது எங்க தப்பு. அதனால்தான் இன்னைக்கு இந்தச் சாக்கை விரித்திருக்கிறோம்.

ஓட்டத் தெரிந்தால் போதுமா?

1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படித்த பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேலி பேசினவர்கள் உண்டு. அதைக் கடந்துதான் ஓட்டினார்கள். அந்த இயக்கத்தைப் பார்த்து, அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெஃப் ஐம்பது மொபெட் ஒதுக்கியது.

பிறகு 2018-ல் தமிழக அரசின் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. இன்றைக்கு சிப்காட் ஷிப்டுக்குப் போகிற தங்கச்சி முதல் பால் ஊற்றப் போகிற மதினி வரை வண்டி ஓட்டுகிறோம். ஓட்டப் பழகியாச்சு. ஆனால் வண்டி நின்றால் ஒரு ஆம்பளை வருவாரா என்றுதானே ரோட்டைப் பார்க்கிறோம்?

1990-களில் உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்துப் பெண்கள், மகிளா சமாக்யா திட்டத்தில் அடிபம்பு பழுதுபார்க்கப் படித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அதில் உண்டு. குழாயைக் கழற்றி, வாஷர் மாற்றி, ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அடிபம்பைவிட நம்ம மொபெட் பிளக் சின்ன வேலை.

பிளக் என்ன செய்கிறது?

அடுப்பில் விறகு இருக்கு, காற்று இருக்கு. தீக்குச்சி உரசினால்தான் பற்றும். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வரும். அங்கே தீக்குச்சி வேலையைச் செய்வது பிளக். அதன் நுனியில் சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் மின்பொறி தாவுகிறது. கரி படிந்தால் பொறி வராது. பெட்ரோல் ஃபில்டர் என்பது நம்ம காப்பி வடிகட்டி மாதிரி. டேங்கில் உள்ள துரு, தூசி எஞ்சினுக்குள் போகாமல் பிடித்து வைக்கும். பிடித்துப் பிடித்து அதுவே அடைத்துக்கொள்ளும்.

எது கோளாறு என்று எப்படித் தெரியும்? காலையில் மிதித்தால் எடுக்காது, எடுத்தாலும் திக்கித் திக்கி ஓடும், பெட்ரோல் வாடை வரும் என்றால் முதலில் பிளக்கைப் பாருங்க. மெதுவாகப் போனால் ஓடுகிறது, மூட்டை ஏற்றி மேட்டில் முறுக்கினால் அணைகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது என்றால் பெட்ரோல் சரியாக இறங்கவில்லை, ஃபில்டரைப் பாருங்க. எல்லாத்துக்கும் முன்னால் டேங்கில் பெட்ரோல் இருக்கா என்று பாருங்க. சிரிக்காதீங்க, நாங்களே அப்படி ஒரு தடவை தள்ளியிருக்கோம்.

பிளக் மாற்றுவது

எஞ்சின் ஆற வேண்டும். சூட்டில் கழற்றினால் கையும் சுடும், மரையும் கெடும். பிளக் தொப்பியைப் பிடித்து இழுங்க, வயரைப் பிடித்து இழுக்காதீங்க. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்க. இல்லாவிட்டால் அத்தனையும் ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் விழும். அப்புறம் ஸ்பேனரை மாட்டி, கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்க.

கழற்றின பிளக்கின் நிறம் வண்டியின் உடம்பைச் சொல்லும். செங்கல் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நல்லா இருக்கு. கறுப்பாகக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று ஃபில்டர் அடைத்திருக்கு. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் அதிகமாகக் கலந்திருக்கலாம். 'கூட ஊத்தினா நல்லா ஓடும்' என்பது தப்பு. வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுதான். வெளுத்துப் போயிருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்க.

கரி மட்டும் என்றால் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் லேசாக உரசி, மணல் இல்லாமல் ஊதித் துடைத்தால் போதும். நுனி தேய்ந்தோ, வெள்ளைப் பீங்கான் விரிந்தோ இருந்தால் புதுசு போடுங்க. பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய் அதே நம்பர் கேட்டு வாங்குங்க. நீளம் மாறின பிளக்கைப் போட்டால் எஞ்சினே கெடும். இடைவெளி எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும். நிறைய வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் வரும். இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடின் கனம் ஏறத்தாழ 0.6. அது நுழைகிறதா என்று பார்த்தால் ஒரு மதிப்புக் கிடைக்கும்.

மாட்டும்போதுதான் கவனம். முதலில் கையாலேயே திருகுங்க. கையில் இறுகினால் மரை கோணியிருக்கு, எடுத்துவிட்டு மறுபடி வையுங்க. முழுசும் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்கும் குறைவு. எஞ்சின் தலை அலுமினியம். ஊறுகாய் ஜாடி மாதிரி மூச்சைப் பிடித்து இறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்.

ஃபில்டர் மாற்றுவது

இது பெட்ரோல் வேலை. வெட்டவெளியில் செய்யணும். அடுப்பு, பீடி, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சட்டி மணல் வைத்துக்கொள்ளுங்க.

பெட்ரோல் டேப்பை மூடுங்க. ஃபில்டரின் இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பைக் குறடால் அழுத்தித் தள்ளி, ஹோஸைத் திருகி உருவுங்க. மிச்ச பெட்ரோல் வடிய ஒரு டப்பா வையுங்க. வாய் வைத்து உறிஞ்சவே கூடாது. புது ஃபில்டரில் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்த அம்பு டேங்கிலிருந்து எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். கிளிப்பை மாட்டி, டேப்பைத் திறந்து, ஐந்து நிமிடம் சொட்டுகிறதா என்று பாருங்க. ஒரு சொட்டு கசிந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ஹோஸ் விறைத்து வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்க. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். பழைய வண்டியின் ரப்பருக்கும் ஆகாது. மாதக்கணக்கில் நிறுத்திய பழைய வண்டி என்றால் ஃபில்டரை அடிக்கடி பாருங்க.

எதைத் தொடக் கூடாது?

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வருகிற புது வண்டிகள் பி.எஸ்.6 வகை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ம் அப்போதுதான் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அதில் பெட்ரோலை மோட்டார் அழுத்தித் தள்ளுகிறது. அந்த வண்டிகளில் பெட்ரோல் லைனைக் கழற்றாதீங்க, பீய்ச்சி அடிக்கும். பிளக் மட்டும் நாம பார்க்கலாம். சில பழைய வண்டிகளில் தனி ஃபில்டர் இல்லாமல் டேப்புக்குள்ளேயே சல்லடை இருக்கும். பழகும் வரை அதையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்க.

மெக்கானிக் தம்பிகளுக்கு நாம எதிரி இல்லை. பெரிய வேலைக்கு அவங்ககிட்டதான் போகணும். ஆனால் "பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன் தம்பி, எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போகிறவளிடம் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்க. பில் கேளுங்க.

அடுத்த கூட்டத்துக்குள்

மூன்று வேலை சொல்கிறோம். ஒன்று, ஒவ்வொரு குழுவும் பொது நிதியிலிருந்து ஒரு பை தயார் செய்ய வேண்டும். பிளக் ஸ்பேனர், குறடு, பிரஷ், உப்புத்தாள், ஒரு டார்ச். இரண்டு, வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் வண்டிக்குரிய பிளக்கை ஒன்று கூடுதலாக வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, வண்டிக்கு உள்கடன் கொடுக்கும்போது, பிளக் கழற்றி மாட்டத் தெரிகிறதா என்று குழு முன்னால் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

நாங்களும் ஒரு வேலை எடுத்துக்கொள்கிறோம். இனி யாராவது ஒரு தவணை தவறினால், எழுதுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து காரணம் கேட்போம்.

பேச்சு போதும். அந்த அக்காதான் முதல்ல வாங்க. உங்க வண்டிதான் வாசல்ல நிற்கிறது. எஞ்சின் ஆறிடுச்சு. ஸ்பேனரை எடுங்க, மத்தவங்க சுத்தி நின்று பாருங்க. அடுத்தது யார் என்று பேர் கொடுங்க.