டியூபை ஒட்டினால் மட்டும் போதாது

(மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை பற்றிப் பேச வந்த நாங்கள் சைக்கிள் பஞ்சரைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பிள்ளையின் படிப்பே இதனால் நிற்கப் பார்த்தது.

அந்தப் பிள்ளையின் அத்தா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். அரசு கொடுத்த சைக்கிள்தான் வாகனம். இரண்டு மாதத்தில் ஆறு பஞ்சர், எல்லாம் பின் சக்கரத்தில். ஒரு நாள் மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது மஃரிப் பாங்கு சொல்லியாகிவிட்டது. “போதும், வீட்டோடு இரு” என்று அம்மா சொல்லிவிட்டார். அந்தத் தாயை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவர் பயம் நியாயமானது.

நாங்கள் போய்ச் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தோம். டியூபில் ஆறு ஒட்டு, ஆறும் ஒரு கையகலத்துக்குள். டயரின் உட்புறத்தை, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் தடவினோம். ஓரிடத்தில் துணி மாட்டியது. சீமைக்கருவேல முள்ளின் முனை, அரை அரிசி நீளம்கூட இருக்காது. ஒவ்வொரு தடவையும் டியூபை ஒட்டியிருக்கிறார்கள். முள்ளை யாரும் எடுக்கவில்லை. வெளியே இருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் முள்ளுக்குப் பஞ்சமில்லை. வேலி அடைக்கக் கருவேலம் வெட்டி இழுத்துப் போகும் பாதையெல்லாம் முள் சிந்துகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம்; முள் இழுக்கும் பெரியவர்கள்தான் மறந்துவிடுகிறோம். மழை முடிந்து காயும் நாட்களில் நெருஞ்சி வேறு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் சைக்கிள்காரர்களைப் படுத்துவது இதே நெருஞ்சிதான் என்றால் பாருங்கள்! திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரின் சிதறல் கிடக்கும். அதற்குள் இருக்கும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பி முள்ளைவிடப் பொல்லாதது.

அரியலூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் கல்லும் ஜல்லியும் ஓரத்தில்தான் ஒதுங்கும். அதற்குப் பயந்து நடுச்சாலைக்கு ஒடிக்காதீர்கள். பஞ்சர் ஒட்டக்கூடியது. பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஓரம் மோசமாக இருந்தால் இறங்கி நின்று அதைப் போகவிடுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானால் ஆசிரியர் திட்டுவார், அவ்வளவுதான்.

தினமும் காலையில் காற்று இறங்கியிருந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள். வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய் நைந்துவிட்டது. அதை மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். காற்றைக் குறைவாக வைத்தும் ஓட்டாதீர்கள். குழியில் இறங்கும்போது டியூபை ரிம் கடித்துவிடும்.

ஒட்டும் வேலை கஷ்டமில்லை. டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை தெரியும். துடைத்து நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்துத்தான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். சில நிமிடம் பொறுத்து, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். டியூபை உள்ளே போடுமுன் டயரைத் தடவ மறக்காதீர்கள், அதுவும் வெறும் விரலால் வேண்டாம்.

வழியில் காற்றுப் போனால் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஓட்டினால் டியூபும் டயரும் கிழியும். பெண் பிள்ளைகள் பொழுது சாய்ந்துவிட்டால் சைக்கிளைத் தெரிந்த வீட்டிலோ கடையிலோ விட்டுவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். தாய்மார்களே, சைக்கிளை விட்டுவிட்டு வந்ததற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

காற்றுப் பம்பும் ஒட்டுச் சாமான்களும் நம் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எந்தச் சமுதாயத்துப் பிள்ளையும் சைக்கிளோடு வரலாம். மாணவிகளுக்குச் சொல்லித்தர அந்த மகளே வருகிறாள். ஏழாவது பஞ்சர் ஒரு கம்பித் துண்டால் வந்தது. அதை அவளே எடுத்து, அவளே ஒட்டிக்கொண்டாள்.