புயலுக்குப் பிறகு வீட்டு வேலை: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம்

(கடலோர கிராம மக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2011 டிசம்பரில் தானே, 2016-ல் வர்தா, 2018 நவம்பரில் கஜா, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல். இந்தப் பேரெல்லாம் நமக்கு மறக்காது. காற்று அடிக்கிறது ஒரு ராத்திரிதான். ஆனா பிய்ந்து போன கூரையைத் திரும்பப் போடறதுக்குள்ள நகை அடகுக்குப் போயிடுது, வட்டிக்கடன் ஏறிடுது. அந்தச் செலவில் ஏமாறாம இருக்கறது எப்படி என்பதுதான் இன்றைக்கு நம்ம பேச்சு.

புயல் முடிந்த மறுநாளே தெருவில் ஆட்கள் வருவாங்க. "இன்னைக்கு அட்வான்ஸ் கொடுங்க, நாளைக்கே ஷீட் ஏத்திடலாம், அடுத்த வாரம் விலை கூடிடும்" என்பாங்க. நல்ல மேஸ்திரிகளும் அப்போ ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவங்கதான், எல்லாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனா குழந்தைகள் நனையும்போது நமக்கு இருக்கிற அவசரம் இருக்கே, அதை வைத்துத்தான் விலை ஏறுது. அதனால் தார்ப்பாய் போட்டு மழையைத் தடுப்பது முதல் வேலை. காண்ட்ராக்ட் பேசுவது அதுக்கு அடுத்த வேலை. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீங்க.

முதலில் போன் கேமரா

கூரை மேல் யாரையும் ஏற்றுவதற்கு முன், மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறோமா என்று பாருங்க. கம்பி அறுந்து கிடந்தால் தொடாதீங்க. மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

அடுத்தது புகைப்படம். வெளியே நாலு பக்கம், உள்ளே ஒவ்வொரு அறை, உடைந்த ஒவ்வொரு பொருள். ஒரு வீடியோவும் எடுத்து, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க. இடிபாட்டை அள்ளின பிறகு, சேதம் இவ்வளவு என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

இந்தப் படம் இரண்டு இடத்தில் உதவும். ஒன்று, கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது. மத்திய அரசின் 2022-23 முதல் 2025-26 வரையான பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான காரை வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. மாநில அரசு சில புயல்களில் இதற்குமேல் கூட்டியும் அறிவித்திருக்கிறது. ஆனாலும் இந்தத் தொகையை நம்பி மொத்த வேலைக்கும் கையெழுத்துப் போட முடியாது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு, காப்பீடு. வீட்டுக்கடன் வாங்கினவங்க பத்திரங்களை எடுத்துப் பாருங்க. பல பேருக்குக் கடனோடு வீட்டுக் காப்பீடும் போட்டிருக்கும், அது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. 2021 ஏப்ரலில் இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் நிரந்தர வேலையைத் தொடங்காதீங்க. தார்ப்பாய், கயிறு மாதிரி அவசரச் செலவு பண்ணலாம், அந்த பில்லைப் பத்திரமா வைங்க.

எஸ்டிமேட் என்றால் என்ன?

"மொத்தம் அறுபதாயிரம் ஆகும்" என்பது எஸ்டிமேட் இல்லை, அது ஒரு பேச்சு. எஸ்டிமேட்டில் நாலு விஷயம் தனித்தனியா இருக்கணும்: எத்தனை சதுர அடி, என்ன பொருள், பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு. ஷீட் என்றால் எந்த வகை, என்ன கனம் என்றும் எழுதணும். குறைந்தது இரண்டு பேரிடம், முடிந்தால் மூன்று பேரிடம், அதே வேலைக்கு வாங்குங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புரிவதற்காகச் சொல்கிற எண்தான், சந்தை விலை இல்லை. முதல் ஆள் 60,000 என்கிறார். இரண்டாவது ஆள் 74,000 என்கிறார். முதல் ஆள்தான் மலிவு என்று தோணும். கேட்டுப் பார்த்தால், அவர் சொன்னதில் ஜி.எஸ்.டி. சேரவில்லை. 18 சதவீதம், அதாவது 10,800. சாரம் கட்ட 3,500 தனி. பழைய ஷீட்டை இறக்கி அப்புறப்படுத்த 2,500 தனி. கூட்டினால் 76,800. இரண்டாவது ஆள் எல்லாம் சேர்த்தே சொல்லியிருந்தால், அவர்தான் மலிவு. "இதில் எது எது சேராது?" என்ற ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேளுங்க.

ஜி.எஸ்.டி. கேட்கிறவரிடம் பதிவு எண் கேளுங்க. 15 இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் இருக்கு என்று போனிலேயே தெரிந்துவிடும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. சின்ன மேஸ்திரிகள் பலருக்குப் பதிவு தேவைப்படாது, அதில் தப்பில்லை. பதிவும் இல்லாமல் வரியும் கேட்டால்தான் தப்பு.

வேலையைப் பற்றியும் கேளுங்க

காற்று முதலில் தூக்குவது கூரையின் ஓரத்தையும் மூலையையும்தான். அதனால் அங்கே போல்ட் நெருக்கமா போடுவீங்களா என்று கேளுங்க. சட்டத்தைச் சுவரோடு எப்படிப் பிணைக்கப் போறீங்க என்றும் கேளுங்க. வெறுமனே சுவர்மேல் உட்கார வைத்த சட்டம் ஷீட்டோடு சேர்ந்தே பறக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து இறக்கக் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, முழுசா இறக்கணும். ஊறின சுவருக்கு அவசரமா பெயிண்ட் அடித்தால் உரிந்து வரும், காசு வீண். காயட்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

எழுதிக் கொடுப்பதற்குப் பெரிய பத்திரம் வேண்டாம். ஒரு முழுத்தாள் போதும். வேலை என்ன, பொருள் என்ன, மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடிக்கும் நாள், இரண்டு பேர் கையெழுத்து, ஆதார் முகவரி. அதைப் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்புங்க.

அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். பொருள் வாங்கவே காசு வேணும் என்றால், நீங்களே கடைக்குப் போய் உங்க பேரில் பில் போட்டு வாங்குங்க, அவருக்குக் கூலி மட்டும் பேசுங்க. மீதியை வேலை நகர நகரக் கொடுங்க. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழை பெய்து ஒழுகுதா என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசி எழுதுங்க. முடிந்தவரை யு.பி.ஐ.யில் கொடுங்க. கையில் கொடுத்தால் தாளின் பின்பக்கம் தேதியோடு கையெழுத்து வாங்குங்க.

இவ்வளவு பண்ணியும் ஆள் பாதியில் போய்விட்டால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டில் இருந்தே பதியலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அங்கே கேட்கப்போவது அந்த ஒரு தாளும், பணம் போன கணக்கும், முதல் நாள் எடுத்த படமும்தான்.

கடைசியா ஒன்று. இதையெல்லாம் புயல் வந்த பிறகு தேட வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, உங்க ஊரில் நல்லா வேலை பார்க்கிற இரண்டு மேஸ்திரி, ஒரு வெல்டர், ஒரு எலக்ட்ரீஷியன் எண்ணைப் போனில் ஏற்றி வைங்க. கூரையை இப்போதே ஒரு படம் எடுத்து வைங்க. டி.என். அலர்ட் செயலியையும் இறக்கி வைங்க.

யாருக்காவது கேள்வி இருந்தால் கேளுங்க, எஸ்டிமேட் தாள் கையில் இருந்தால் கொண்டு வாங்க, சேர்ந்தே பார்ப்போம்.