மோட்டார் வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

(அம்மையார்குப்பத்தில் கூடிய நமது சங்கத்தாரின் காலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சமயம், கல்வி, கைத்தொழில் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசப்பட்டுவரும் இம்மேடையில், மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரியதரிசி அவர்கள் இவ்விஷயத்தைக் குறித்துப் பேசுமாறு கேட்டபொழுது யானும் சற்றுத் தயங்கவே செய்தேன். ஆயினும் நம் வீதிகளில் தறியோசையோடு ஹாரன் ஓசையும் கலந்து கேட்கும் காலம் வந்துவிட்டது. மகளுக்குச் சீர் கொண்டு செல்லவும், சோளிங்கபுரத்துக்கும் திருத்தணிக்கும் குடும்பத்தோடு போய்வரவும், நோயாளியை அகாலத்தில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவும் ஒரு வண்டி வேண்டுமென்று நம்மவர் விரும்புவது நியாயமே. அவருட் பலர் வாங்குவது பழைய வண்டி. வாங்கிய ஆறு மாதத்துக்குள் வருந்துவோரும் அவருட் பலரே. ஆகையால் இப்பேச்சு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வண்டியின் விலையை மட்டுமே எண்ணிப் பார்த்து, வைத்துக்கொள்ளும் செலவை மறந்துவிடுவது நம்மவரிடம் காணும் பெருங்குறை. மாதம் 600 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயென்றும் வைத்துக்கொண்டால், மாதம் 40 லிட்டர், 4,000 ரூபாய். வருஷத்துக்கு 48,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், ஆயில் மாற்றுதல், டயர், பாட்டரி, எதிர்பாராத ரிப்பேர் எல்லாம் இதற்கு மேற்பட்டவை. மாதம் இரண்டு முறை வெளியூர் செல்பவர் வாடகை வண்டி வைத்துக்கொள்வதே லாபம். இதைச் சொன்னால் என்மீது வருத்தப்படுவோர் இங்கே இருக்கிறார்கள் என்பதை அறிவேன். கௌரவத்துக்கென்று வாங்குகிறவர் அதையும் ஒரு செலவாகக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், யான் தடுக்கவில்லை. தறியின்மீது கடன் வாங்கி வண்டி வாங்குவதை மட்டும் யான் ஒருபோதும் ஒப்பேன்.

எந்த வண்டி வாங்குவது என்று கேட்பீர்கள். நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்ஸுபிஷி லான்ஸர் என்னும் அழகிய வண்டி செய்யப்பட்டு வந்தது. இன்று அது நின்றுபோயிற்று. அதே இடத்தில் இப்பொழுது சிட்ரோயன் வண்டிகள் உருவாகின்றன. போர்டு கம்பெனியும் இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக 2021இல் அறிவித்து, மறைமலை நகர்த் தொழிற்சாலையில் 2022இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இவை கெட்ட வண்டிகளல்ல. ஆனால் உற்பத்தி நின்ற வண்டி சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கண்ணாடி உடைந்தாலும், ஒரு சென்ஸார் பழுதானாலும், சாமான் தேடிச் சென்னைக்கு நடக்க வேண்டும். ஆகவே விலை பேசுமுன், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் இவ்வண்டிக்குச் சாமான் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள்.

இனிப் பரீட்சை செய்யும் முறை. சேலை வாங்குபவர் முந்தானையின் பளபளப்பைப் பார்ப்பார். நெய்தவனோ துணியைப் புரட்டிப் பின்புறத்தில் இழை அறுந்து முடிந்த இடத்தைத் தேடுவான். நாம் நெய்தவர்கள். வண்டியையும் அவ்வாறே புரட்டிப் பார்க்க வேண்டும். மெழுகு பூசி மின்னும் வண்டியை மாலை வெளிச்சத்தில் பார்க்கலாகாது. காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது பார்க்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சினை முடுக்கியதும் வரும் புகை மிகுதியும் சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயிலைத் தின்கிறது. கரும் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெண்புகை குளிர்காலத்தில் சற்று நேரம் வந்து அடங்கிவிட்டால் குற்றமில்லை. அடங்காமலே வந்தால், குளிர்விக்கும் நீர் இஞ்சினுக்குள் இறங்குகிறதென்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பாருங்கள். உட்புறத்தில் மோர் போன்ற வெண்ணிறப் படலம் கண்டால் அதுவும் அதே சந்தேகத்துக்கு இடம் தரும்.

மீட்டரில் 40,000 கிலோமீட்டர் என்று காட்டும். மீட்டரைத் திருப்பி வைப்பவர் உண்டு. ஆனால் பெடல் மேலுள்ள ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகவும், ஸ்டியரிங் தோல் உரிந்தும், ஓட்டுநர் இருக்கை பள்ளம் விழுந்தும் இருக்குமானால் மீட்டர் பொய் சொல்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ நன்றாயிருந்தாலும் வயதான டயர் வெயிலில் வெடிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மீண்டும் மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலும் எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. அத்தகைய வண்டிகளைக் கழுவித் துடைத்து, வெள்ளம் காணாத ஊரில் கொண்டுவந்து விற்பது எளிது. நம் ஊர் அத்தகைய ஊர். இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். இருக்கை நகரும் இரும்புத் தண்டில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல், கண்ணாடியை மூடிச் சற்று நேரம் உட்கார்ந்தால் எழும் பூஞ்சை வாசனை ஆகிய இவற்றை எந்த வாசனைத் திரவியமும் முற்றும் மறைக்காது. அத்தகைய வண்டியின் மின்கம்பிகள் ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகப் பழிவாங்கும்.

இவையெல்லாம் பண நஷ்டம். இனி யான் சொல்லப்போவது குடும்பத்தையே சாய்க்கக்கூடியது. வாங்குவோரைக் காட்டிலும் விற்போர் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

எனக்குத் தாய்மாமன் முறையாகும் ஒருவர் தம்முடைய வேன் வண்டியை ஒரு தரகர் மூலம் 85,000 ரூபாய்க்கு விற்றார். 29, 30 எனப்படும் படிவங்களில் கையெழுத்திட்டு, வாங்குவோர் பெயரை எழுதாமலே தரகரிடம் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஒன்றரை வருஷம் சென்றது. யார் யாரோ கைமாறிய அவ்வண்டி, சைக்கிளில் சென்ற ஒரு குடும்பத் தலைவர்மீது மோதி அவர் இறந்துபோனார். இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. ரிஜிஸ்டரில் பெயர் இன்னும் மாமன் பெயரே. கோர்ட்டு நோட்டீஸ் அவர் வாசலுக்கு வந்தது. வண்டியை விற்றுவிட்டேனே என்று அவர் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. இரண்டு தறிகள் போயின.

இது அநியாயமென்று அன்று நாங்கள் பேசிக்கொண்டோம். பின்னர் ஒரு வக்கீலிடம் கேட்டறிந்த பிறகே சட்டத்தின் கருத்து விளங்கிற்று. இதைப் போன்றே கைமாறிய ஒரு வண்டியின் வழக்கில், விபத்துக்கு முன்னரே விற்றுவிட்டதாகச் சொன்னபோதிலும், ரிஜிஸ்டரில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிரிழந்தவர் குடும்பம், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி ஊர் ஊராய் அலைய முடியுமா? அந்த விதவையின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு சரியென்றே எனக்கு இப்பொழுது தோன்றுகிறது. மாமனிடம் இதைச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, இதே மாகாணத்தில் ரிஜிஸ்டரான வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குவோர் பெயரும் விலாசமும் எழுதப்படாத படிவத்தில் கையெழுத்திடுவது, தொகை எழுதாத பிராமிஸரி நோட்டில் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும். வாங்குவோருடைய அடையாளச் சீட்டின் நகலையும், தேதியும் மணியும் குறித்த ஒப்புச்சீட்டையும் வாங்கி வையுங்கள். பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாஹன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் காட்டுவார்கள். மாறும்வரையில் வண்டி உங்களுடையதென்றே எண்ணுங்கள். வாங்கியவரும் இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தவறினால் தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பணம் பெறுவது கடினம். பாங்கிக் கடன் உள்ள வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கு 35ஆம் படிவமும் பாங்கியின் சம்மதக் கடிதமும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது.

நம் ஊருக்கு மற்றொரு சங்கடம் உண்டு. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து நம் மாகாணத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. புத்தூரிலும் நகரியிலும் நமக்கு உறவினர் இருக்கிறார்கள். அங்கே பத்தாயிரம் இருபதாயிரம் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆந்திர எண்ணுள்ள வண்டியை வாங்கிவந்து, அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர் உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இம்மாகாண எண் வாங்கியே ஆகவேண்டும். அதற்கு அவ்விடத்து அதிகாரியின் ஆட்சேபணையில்லாச் சான்று தேவை. இங்கே வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறத் தனியே மனுப் போட வேண்டும். இச்செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தறிக்கு எண்ணெய் விடாவிட்டால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி ஓடாமல் நின்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். ரேடியேட்டரில் நம் ஆழ்கிணற்று உப்புநீரை ஊற்றாதீர்கள். காபி டிகாக்ஷன் பாத்திரத்தில் படிவது போல உள்ளே படிந்து அடைக்கும். சூடு காட்டும் முள் சிவப்பில் ஏறினால் அவ்விடத்திலேயே நிறுத்துங்கள். ஆறாத ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர் உண்டு. தேங்கிய வெள்ளத்தில் வண்டி நின்றுபோனால் மறுபடியும் முடுக்கவே கூடாது. தறிக்கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். பஞ்சுத்தூசி அதை அடைக்கும். கழிவு நூலை வண்டியருகில் குவித்தால் எலி அதை இஞ்சினுக்குள் கொண்டுபோய்க் கூடு கட்டி, மின்கம்பியையும் கடிக்கும்.

திருமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1944இல் திறந்த பழைய மலைப்பாதையே இன்று இறங்கும் பாதை. இறங்கும்பொழுது பெட்ரோல் மிச்சமென்று கியரை நீக்கி உருளவிடுவது நம் இளைஞரிடம் உள்ள பெருந்தவறு. பிரேக்கையே ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காது போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் வேலை கொடுக்கும்பொழுது, மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்கமாட்டார்.

சந்தேகங்களை எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பின்னர் விடை சொல்லுகிறேன். நம் அங்கத்தினர் ஒருவர் வாங்க எண்ணியிருக்கும் வண்டி மண்டபத்து வாசலில் நேற்றிரவு முதல் நிற்கிறது. வெயில் ஏறவில்லை; இஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அக்கிராசனாதிபதி அவர்கள் உத்தரவளித்தால், எல்லோரும் எழுந்து வெளியே வாருங்கள். முதலில் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்போம்.