எவர் பெயரால் ஆட்சி?

(பெரியநீலாவணைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1762இல் கணவனை வீழ்த்தி ருஷ்ய அரியணை ஏறிய கதரீன், மகன் இருந்தும் அவன் பெயரால் ஆளவில்லை. சமயத்தையும் நாட்டையும் காக்கவே வந்ததாக அறிக்கை விடுத்துத் தாமே முடிசூடினார்.

மதுரை மங்கம்மாளோ, 1689இல் கைக்குழந்தையான பேரனுக்கு முடிசூட்டி, அவன் பெயராலேயே ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆண்டார். சாலையும் சத்திரமும் அமைத்தவர் அவர், பட்டம் பேரனுக்கு!

நம் பகுதியைப் பார்ப்போம். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே வருகின்றது. வீடும், பெரும்பாலும் வயலும், சீதனமாகப் பெண்ணுக்கே சேருகின்றன. ஆயினும் அக்குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராகவும் பள்ளிவாசலில் மரைக்காராகவும் அமர்ந்து வந்தோர் ஆண்மக்களே. குடியைத் தருபவள் குடிக்காகப் பேசலாகாதா? அடுத்த குடிக்கூட்டத்தில் இதனை எழுப்புமாறு வேண்டுகின்றோம்.