திறனைக் கெடுப்பவை எவை?
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் நம் சங்க மேடையில் இளம் வியாபாரிகளாகிய எங்களுக்கும் நேரம் ஒதுக்கிய நிர்வாகத்தினருக்கு நன்றி. தொழில் திறனையும் மனத்திறனையும் வருமானத்தையும் கெடுப்பவை எவை என்பதே எங்கள் பேச்சு.

எங்களில் சிலர் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். மோட்டார் சூடானால் அதை யாரும் திட்டுவதில்லை. சுமை கூடியதா, பேரிங் தேய்ந்ததா என்று பார்ப்போம். மனிதன் தளர்ந்தால் மட்டும் "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம்.

காரணத்தைத் தேடும் பழக்கத்தைப் பினாங்குக்குக் கற்றுத் தந்தவர் நம் சமூகத்தவரே. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்து, 2019 மே 17இல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்கள். 1970களில் செபராங் பிறையின் கோலா ஜூரு மீனவர்களுக்கு வருமானம் சரிந்தது. அச்சங்கத்தினர் கிராமத்துக்கே சென்று ஆராய்ந்தார்கள். உழைப்பில் குறையில்லை, தொழிற்சாலைக் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்திருந்தது.

அதே கண்ணோடு நம் கடைகளைப் பார்ப்போம்.

முதலாவது தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். சுபுஹுக்கு எழுந்து, இரவு 11 மணிக்கும் கல்லாவில் நிற்பவருக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. மதுவைத் தொடாத நம் கடையிலும் அந்தத் தடுமாற்றம் வருகிறது. சில்லறை தவறுகிறது, கத்தி கையில் படுகிறது.

இரண்டாவது இனிப்பு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தெரியாமலே இருந்தது. வயதாகிவிட்டது என்று நாம் எண்ணும் களைப்பு சிலருக்கு இந்த நோயாக இருக்கலாம்.

மூன்றாவது பணக்கவலை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாளில், சிந்தனைத் தேர்வில் அவர்கள் குறைவாகவே செய்தார்கள். அறுவடைப் பணம் வந்தபின் அதே மனிதர்கள் நன்றாகச் செய்தார்கள். மூளை மாறவில்லை, கவலைதான் இறங்கியது. கடன் தவணைக்கு முதல் நாள் நாம் செய்யும் கணக்குகளை நினைத்துப் பாருங்கள்!

ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். கடைகளில் முறை வைத்து ஓய்வு கொடுப்போம். முதலாளியும் அதில் சேரட்டும். மாதம் ஒரு முறை நம் மண்டபத்தில் இலவசமாக இரத்தச் சர்க்கரை பார்ப்போம். பள்ளி திறக்கும் மாதத்தில் தடுமாறும் குடும்பங்களுக்கு, வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றைத் தொடங்குவோம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சோதித்தோம், எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தோம் என்று எண்ணிக்கையோடு வந்து சொல்கிறோம். வல்ல இறைவன் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.