கரும்புள்ளியில் பிறந்த ஒளி



“இது எதன் படம்?” என்று வினவி, விடை கிடையாமையால் நவீன ஓவியத்தை விட்டு விலகிவிடுகிறோம். கோலத்தைக் கண்டு அவ்வாறு வினவுவதில்லையே!

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் 1922இல் பிறந்தவர் சையத் ஹைதர் ராஸா. நாகபுரியிலும் பம்பாயிலும் ஓவியம் பயின்று, 1950இல் பாரிஸ் சென்றார். பள்ளிப் பருவத்தில் அலைபாய்ந்த அவருடைய மனத்தை ஒருமைப்படுத்த, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதனையே நோக்கச் செய்தாராம். அப்புள்ளிதான் 1970களின் இறுதி தொட்டு அவர் ஓவியங்களில் ‘பிந்து’ என்னும் கரிய வட்டமாய் எழுந்தது.

கருமையை நாம் இருள் என்போம். ராஸாவோ நிறங்களின் தாயாகக் கொண்டார். அதனருகே செம்மையும் மஞ்சளும் நிற்க, விளக்கொன்றும் வரையாமலே ஒளி பிறக்கிறது. கட்டத்துக்குள் கட்டம் சுருங்கச் சுருங்க, நிழலின்றியே ஆழம் தோன்றுகிறது. பிராகாரங்களைக் கடந்து கருவறையை நெருங்குவது போல!

நம் புள்ளிக்கோலம் இடத்தை அளக்கிறது. புனேயில் அண்டை வீட்டார் இடும் ரங்கோலி வண்ணம் நிறைக்கிறது. இவ்விரண்டையும் வாசலில் கண்டு வளரும் நம் குழந்தைகளுக்கு, 2016இல் மறைந்த அப்பெரியார் அந்நியரல்லர். அவர் ஓவியமொன்று காணக் கிடைக்குமாயின், அவர்களைச் சற்றே அதன்முன் நிற்க விடுவோம். பெயர்ப்பலகையைப் பிறகு படித்துக் கொள்ளலாம்.