வட்டமாகக் கல் கிடந்தால் கை வைக்காதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் போடியில் பல குடும்பங்கள் மலையடிவாரத்தில் மனையோ தோப்போ வாங்கிப் போட்டிருக்கின்றன. மேலே ஏலத் தோட்டத்தில் பங்கு உள்ளவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிலத்தைச் சமப்படுத்த ஜேசிபி வரும் நாளில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதன் பெயர் கல்வட்டம்.

பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாக, பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். நடுவில் சின்னக் கற்களும் மண்ணும் சேர்ந்து லேசான மேடாக இருக்கும். பார்த்தால், யாரோ காட்டைத் திருத்தியபோது ஒதுக்கிப் போட்ட கல் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கல்லறை. இரும்புக்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்குக் கட்டியது. 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை கொண்டது.

"கட்டியது" என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதில் ஒரு கட்டட வேலை இருக்கிறது. முதலில் குழி தோண்டுவார்கள். குழிக்குள் நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்திப் பெட்டி போல அமைப்பார்கள். இதற்குக் கற்பதுக்கை என்று பெயர். பல இடங்களில் இந்தக் கற்களை மூலைக்கு மூலை முட்டவிடுவதில்லை. ஒவ்வொரு கல்லின் ஒரு முனை பக்கத்துக் கல்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா மாதிரி தெரியும். இப்படி வைத்தால் வெளியே இருக்கும் மண் தள்ளத் தள்ள, ஒரு கல் அடுத்த கல்லின் மேல் சாய்ந்து பெட்டி இறுகும், உள்ளே சரியாது. சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது.

ஒரு பக்கக் கல்லில், பல இடங்களில் கிழக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். இந்தத் துளையைப் பார்த்துத்தான் "குள்ளர் வீடு" என்றும், "பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம்" என்றும் கதை கிளம்பியது. குள்ளரும் இல்லை, பாண்டவரும் இல்லை. உள்ளே எலும்புகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், சில இடங்களில் சூதுபவள மணிகள் இருக்கும். அநேக இடங்களில் முழு உடலை வைக்கவில்லை. வேறோர் இடத்தில் உடல் மக்கிய பிறகு, எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வந்து மரியாதையோடு வைத்தார்கள். மணிமேகலையில் இறந்தவரை அடக்கம் செய்யும் ஐந்து முறைகள் சொல்லப்படுகின்றன. எரிப்பது, அப்படியே விட்டுவிடுவது, குழியில் புதைப்பது, அறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது. நம் முன்னோரிடம் பல வழக்கங்கள் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன.

பெட்டியின் மேல் ஒரு பெரிய மூடுகல். அதன் மேல் மண்ணும் சிறு கல்லும் குவிப்பார்கள். கடைசியாகச் சுற்றி வட்டமாகப் பெரிய கற்கள். இந்த வட்டம் அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. குவித்த மண் மழையில் கரைந்து ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். மலைச்சரிவில் வீடு கட்டியவர்களுக்குத் தடுப்புச் சுவரின் அருமை தெரியும். அதையே வட்டமாகக் கட்டினால் மூலை இல்லை. மண்ணின் பாரம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். நம் ஊர்க் கிணறு வட்டமாக இருப்பதற்கும் இதே கணக்குதான்.

இங்கிருந்து போடிமெட்டு ஏறி, மூணாறு தாண்டி மறையூர் போனவர்கள் அங்கே முனியறையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் அங்கே பாறைப் பரப்பில் குழி தோண்ட முடியாது. ஆகவே பெட்டியைப் பாறையின் மேலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கல்திட்டை என்று பெயர். மண் இருந்தால் கீழே, பாறை என்றால் மேலே. இடத்துக்குத் தக்கபடி கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் இருந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஒரு ஊர். 2009, 2010-ம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த ஜாடியில் நெல் இருந்தது. பானை வைக்கும் மண் பிரிமனையில் தமிழி எழுத்தில் "வய்ர" என்று பொறித்திருந்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. தமிழ் எழுத்தின் வயதைப் பேசும்போது இன்று அந்த ஒரு ஜாடி நெல்லைச் சொல்லாமல் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று நம் தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. தமிழி எழுத்து உள்ள மிகப் பழைய நடுகற்கள் அவை. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்துபோன ஒருவனின் பெயரைச் சொல்கிறது. அரசன் பெயரல்ல, சாதாரண வீரன் ஒருவன் பெயர்.

இனி வங்கியில் காசு எண்ணிய பழக்கத்தில் ஒரு காசுக் கதை. கொங்கு நாட்டில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிகுதியாக இருப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் முகம் பதித்தவை. நம் மலைகளின் மிளகு மேற்குக் கடற்கரை முசிறி வழியாகக் கப்பலேறிய காலம் அது. அந்த இரண்டு பேரின் அஸ்தியும் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? ரோம் நகரில் அகஸ்டஸ் கி.மு. 28-ல் கட்டத் தொடங்கிய வட்டக் கல்லறையில்தான். குறுக்களவு சுமார் 90 மீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுவர்கள், மேலே மண் மேடு, அதன் மேல் மரங்கள். அங்கே செங்கல், சலவைக்கல், கான்கிரீட். இங்கே உருண்டைக் கல். யாரையும் பார்த்து யாரும் கட்டவில்லை. ஆனால் மண் மேட்டைச் சுற்றி வட்டம் கட்டி இறந்தவரைக் காப்பது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது.

அந்த ரோமக் கல்லறை பிற்காலத்தில் கோட்டையானது, தோட்டமானது, காளைச் சண்டைக் களமானது, இசை அரங்கமும் ஆனது. அதற்குப் பின் வந்த ஹாட்ரியன் பேரரசரின் வட்டக் கல்லறையும் கோட்டையாகி, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஏதோ ஒரு உபயோகம் இருந்ததால் அவை பிழைத்தன. நம் கல்வட்டத்துக்கு நேர்மாறான விதி. அதன் கல் உபயோகமாக இருப்பதால்தான் அது அழிகிறது. வேலி போட, அஸ்திவாரத்துக்கு, ஜல்லி உடைக்க என்று எடுத்துப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேர ஜேசிபி வாடகைக்கு 2000 ஆண்டு போய்விடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் நிலத்தில் வட்டமாகக் கல் தெரிந்தாலோ, பலகைக் கல்லோ தாழியோ வெளிப்பட்டாலோ, முதலில் வண்டியை நிறுத்துங்கள். எதையும் வெளியே எடுக்காதீர்கள். எந்தப் பானை எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் செய்தியே இருக்கிறது. எடுத்து ஷோகேசில் வைத்தால் அது வெறும் பானை. செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர்கள் தொல்லியல் துறைக்குச் சொல்வார்கள்.

காசு, நகை போலப் புதையல் கிடைத்தால் அது சட்டப்படியே கட்டாயம். 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. நம் போடிநாயக்கனூர்ப் பெயரிலேயே மீன் சின்னம் பொறித்த வெள்ளி முத்திரைக் காசுக் குவியல் ஒன்று நாணய நூல்களில் இருக்கிறது. முற்காலப் பாண்டியர் காசு என்று அதைச் சொல்கிறார்கள். இந்த மண்ணில் எதுவும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம்.

"சொன்னால் நிலம் போய்விடுமே சார்" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. தகவல் சொன்னதாலேயே பட்டா மாறாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கத் தனி நடைமுறை உண்டு. அதில் உங்கள் ஆட்சேபணையைச் சொல்ல அவகாசமும் உண்டு. அப்படி அறிவித்துவிட்டால் அந்த இடத்தில் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு வரும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சிலருக்கு அது நஷ்டமாகவே முடியலாம். ஆனால் எல்லாக் கல்வட்டமும் அந்த நிலைக்குப் போவதில்லை. பல இடங்களில் முறையாக ஆய்வு செய்து பதிவு செய்துகொள்வதோடு முடிந்துவிடும்.

நம் அப்பா அம்மாவின் கல்லறையிலிருந்து ஒருவர் கல் பெயர்த்துப் போனால் சும்மா இருப்போமா? இவர்களுக்குக் கேட்க ஆளில்லை, பெயரும் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும். மனை வாங்கப்போகும் உறவினர்களிடமும் இதைச் சொல்லுங்கள். படம் எடுத்தால் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நமக்கு முன்னால் புதையல் தோண்டுகிறவர்கள் அங்கே போய்விடுவார்கள்.